பழத்தின் தோலிலிருந்து நம் தோல் வரை: பெர்கமோட் கொலோன் செய்முறை

காய்ச்சல் கண்டவர் நெற்றியில் யூடிகோலன் நனைத்த கைக்குட்டையைப் போடும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இருந்தது. அந்தப் புட்டியைத் திறந்ததும் மூக்கில் குளிர்ச்சியாக ஏறும் வாசனை எலுமிச்சை போல இருக்கும், ஆனால் எலுமிச்சை இல்லை. ஆரஞ்சு போலவும் இருக்கும், அதுவும் இல்லை. கொஞ்சம் பூ, கொஞ்சம் பச்சை இலை, எங்கேயோ பின்னால் ஒரு கசப்பு. யூடிகோலன் என்ற சொல்லின் மூலம் பிரெஞ்சு மொழியில் ‘கொலோன் நகரத்து நீர்’. மரபான முறையில் செய்த கொலோனில் அந்த வாசனைக்குத் தலைமை தாங்குவது பெர்கமோட் என்ற பழத்தின் தோல் எண்ணெய்.

அந்த எண்ணெயை வைத்து வீட்டில் ஒரு கொலோன் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. முதல் புட்டிக்கு ஒரு மாதம் ஆகும். கலக்கும் வேலை ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். மீதி நாளெல்லாம் காத்திருப்பது.

பழமும் அதன் ஊரும்

பெர்கமோட் எலுமிச்சைக்கும் கசப்பு ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்பு. பார்வைக்குக் கொஞ்சம் பெரிய எலுமிச்சை போல, சில சமயம் பேரிக்காய் வடிவில், பச்சையாகத் தொடங்கி மஞ்சளாகப் பழுக்கும். சாறு புளிப்போடு கசக்கும். உரித்துச் சாப்பிட யாரும் விரும்பமாட்டார்கள். இதன் பெருமை முழுவதும் தோலில்தான்.

இத்தாலியை ஒரு காலணியாகப் பார்த்தால் அதன் பெருவிரல் இருக்கும் இடம் கலாப்ரியா. அங்கே ரெஜ்ஜோ கலாப்ரியா மாவட்டத்தின் ஒடுக்கமான கடலோரப் பட்டையில்தான் உலக உற்பத்தியின் மிகப் பெரும் பங்கு விளைகிறது. வேறு இடங்களிலும் பயிரிடுகிறார்கள், ஐவரி கோஸ்ட் அதில் ஒன்று. ஆனால் வாசனைத் தொழிலில் இருப்பவர்கள் ‘கலாப்ரியா’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். 2001இல் ரெஜ்ஜோ கலாப்ரியா பெர்கமோட் எண்ணெய்க்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் கிடைத்தது. நம் புவிசார் குறியீடு போன்றது அது. ஃபெம்மினெல்லோ, கஸ்தன்யாரோ, ஃபந்தாஸ்திகோ என மூன்று ரகங்கள். மரத்தைக் கசப்பு ஆரஞ்சு வேர்க்கன்றின் மேல் ஒட்டுக் கட்டி வளர்ப்பார்கள். இந்த ஒட்டு விஷயத்தை நினைவில் வையுங்கள். கலவை செய்யும்போது அது திரும்ப வரும்.

அறுவடை பெரும்பாலும் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும். தொடக்கத்தில் பறித்த காயின் எண்ணெய் பச்சை நிறமாக, கூர்மையாக இருக்கும். முதிர முதிர நிறம் மஞ்சளுக்கு மாறும், வாசனையும் மென்மையாகும். 1 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 200 கிலோ பழம் வேண்டும். பழைய காலத்தில் பழத்தை இரண்டாக வெட்டி, சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தோலைக் கடற்பஞ்சின் மேல் வைத்துக் கையால் அழுத்தித் திருகுவார்கள். பஞ்சு உறிஞ்சிய எண்ணெயை மண்கலயத்தில் பிழிந்து எடுப்பார்கள். 1844இல் நிக்கோலா பரில்லா என்பவர் கையால் சுற்றும் ஓர் இயந்திரத்தை உருவாக்கி அந்த வேலையைச் சுலபமாக்கினார். இப்போது முழுப் பழத்தையும் சொரசொரப்பான உருளைகளில் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சி, எண்ணெயைச் சுழற்றிப் பிரிக்கிறார்கள். எந்த முறையிலும் சூடு கிடையாது.

இந்த எண்ணெயை ஐரோப்பாவின் மூக்குக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர் இத்தாலியில் பிறந்து ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய ஜொவான்னி மரியா ஃபரீனா. அவர் குடும்பத்தின் கடை 1709இல் தொடங்கியது. மழைக்குப் பிந்தைய இத்தாலிய வசந்தகாலக் காலையை நினைவூட்டும் ஒரு வாசனையைக் கண்டுபிடித்ததாகத் தன் சகோதரருக்கு அவர் எழுதியிருக்கிறார். கனமான கஸ்தூரியும் பிசினும் கோலோச்சிய காலத்தில் ஆல்கஹாலில் கரைந்த இந்தச் சிட்ரஸ் நீர் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படி 1: சரியான எண்ணெயை வாங்குங்கள்

முதலில் பெயர்க் குழப்பம். பெர்கமோட் புதினா என்று ஒன்று உண்டு, பெர்கமோட் என்றே அழைக்கப்படும் ஒரு மேலைநாட்டுத் தோட்டப் பூச்செடியும் உண்டு. இரண்டும் நமக்கு வேண்டாம். தாவரப் பெயர் சிட்ரஸ் பெர்காமியா என்று புட்டியில் இருக்க வேண்டும். பிறந்த நாடும், எடுத்த முறையும், தொகுதி எண்ணும் தராத கடையில் வாங்காதீர்கள். விலை ஆரஞ்சு எண்ணெய் விலைக்குப் பக்கத்தில் இருந்தால் அது வேறு ஏதோ ஒன்று. ஆரஞ்சு எண்ணெய் பழச்சாறு ஆலைகளின் உபபொருளாக மலிவாகக் கிடைப்பது. பெர்கமோட்டுக்கு அந்த வசதி இல்லை.

கலப்படம் இந்தத் தொழிலின் பழைய நோய். ஆரஞ்சு எண்ணெயிலிருந்து மலிவாகக் கிடைக்கும் டெர்பீன் என்ற பொருள்களையும், ஆலையில் செய்த லினலைல் அசிடேட் என்ற பூவாசனைப் பொருளையும் சேர்த்து ‘பெர்கமோட்’ என்று விற்பது எளிது. ஆய்வுக்கூடம் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது சுவையான சங்கதி. பெர்கமோட்டின் பூ வாசனைக்குக் காரணமான லினலூல், லினலைல் அசிடேட் இரண்டுக்கும் வலக்கை, இடக்கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. பழம் அநேகமாக ஒரு கையை மட்டுமே செய்கிறது, ஆலை இரண்டையும் சரிபாதியாகச் செய்கிறது. அந்த விகிதம் குலைந்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நம்மிடம் அந்தக் கருவி இல்லை. நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: இரண்டு வெவ்வேறு கடைகளில் 5 மி.லி. வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் முகர்ந்து பார்ப்பது.

இன்னொரு முக்கியமான தேர்வு, எஃப்.சி.எஃப். என்று குறித்த எண்ணெய். ஃபியூரோகூமரின் என்ற பொருள்களை நீக்கிய வகை இது. சில கடைகளில் ‘பெர்காப்டென் நீக்கியது’ என்று எழுதியிருப்பார்கள். உடம்பில் பூசப்போகும் கொலோனுக்கு இதைத்தான் வாங்க வேண்டும். காரணம் படி 3இல்.

நார்த்தங்காயை வைத்துச் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். நானும் நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்தவன்தான். அருமையான வாசனை, ஆனால் அது எலுமிச்சைக் கட்சி. பெர்கமோட்டின் பூ முகம் அதில் இல்லை. தோலைச் சீவி ஆல்கஹாலில் ஊறப்போட்டாலும் நிறமும் தண்ணீரும் கசப்பும்தான் அதிகம் வந்து சேரும். ஊறுகாய்க்கு விட்டுவிடலாம்.

படி 2: மூக்குக்கு ஒரு மணி நேரப் பாடம்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பெரும்பாலோர். கலக்க ஆரம்பிப்பதற்கு முன் இதைச் செய்தே தீருங்கள்.

கெட்டியான வெள்ளைத் தாளில் விரல் நீளப் பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆரஞ்சு, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் பெர்கமோட், ஒன்றில் லாவெண்டர் எண்ணெயைத் தொட்டு, பெயரும் நேரமும் எழுதி, ஒன்றையொன்று தொடாமல் துணிக் கிளிப்பில் மாட்டி வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். உடனே ஒரு முறை, பிறகு பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி என்று முகர்ந்து, தோன்றியதை எழுதுங்கள்.

ஆரஞ்சு உடனே சிரிக்கும். சீக்கிரமே தாள் வெறுந்தாளாகிவிடும். எலுமிச்சை சற்றுக் கூர்மை, அதுவும் ஓடிவிடும். பெர்கமோட் முதலில் அவர்களோடு சேர்ந்து பளீரென்று எழும். அரை மணியில் பழம் போயிருக்கும், ஆனால் தாளில் ஏதோ இருக்கும். அந்தத் தாளையும் லாவெண்டர் தாளையும் மாற்றி மாற்றி முகருங்கள். இரண்டும் உறவுக்காரர்கள் என்று மூக்கே சொல்லும்.

வேதியியல் இதைத்தான் எண்களில் சொல்கிறது. ஆரஞ்சு எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் லிமோனின் என்ற ஒரே பொருள். எலுமிச்சையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. பெர்கமோட்டில் அது 30 முதல் 45 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி லினலைல் அசிடேட்டும் லினலூலும். லாவெண்டருக்கு அதன் வாசனையைத் தருபவை இவைதான். அதாவது பெர்கமோட் பாதி பழம், பாதி பூ. பழப் பாதியைப் பிடித்து வைக்க யாராலும் முடியாது, அது ஆவியாகும், அவ்வளவுதான். பூப் பாதியைப் பேசும் வேறு பொருள்களைப் பக்கத்தில் வைத்தால் பழம் போன பிறகும் பெர்கமோட் இருப்பதாக மூக்கு நம்பும். கீழே வரும் சூத்திரம் முழுவதும் இந்த ஏமாற்று வேலையின் மேல்தான் நிற்கிறது.

வாசனைத் திரவிய வரலாறும் இதையே காட்டுகிறது. 1917இல் பிரான்சுவா கோட்டி வெளியிட்ட ‘ஷீப்ர’, பெர்கமோட்டை ஓக் மரப்பாசியோடும் லாப்டனம் பிசினோடும் சேர்த்து ஒரு வாசனைக் குடும்பத்துக்கே பெயர் தந்தது. 1925இன் ‘ஷாலிமார்’ அதை வெனிலாவின் மேல் தாராளமாக ஊற்றியது. மரப்பாசி, வெனிலா, லாவெண்டர், தேயிலை என எதோடும் ஒத்துப்போகும் சிட்ரஸ் இது ஒன்றுதான் என்பேன். பெர்கமோட் வாசனை ஏற்றிய ஏர்ல் கிரே தேநீர் குடித்திருந்தால் தேயிலையோடு அது சேர்ந்த விதம் உங்களுக்கே தெரியும்; குடித்ததில்லை என்றால் எண்ணெய் வாங்குவதற்கு முன் ஒரு சிறு பொட்டலம் வாங்கி முகர்ந்து பாருங்கள், செலவு குறைவு.

படி 3: வெயில் கணக்கு

நான் செய்த முதல் கலவையில் சாதாரண, அதாவது எதையும் நீக்காத எண்ணெயைத்தான் போட்டேன். கழுத்தின் இடப்பக்கம் இரண்டு தடவை தெளித்துக்கொண்டு, பகல் பதினோரு மணிக்கு இரண்டு சக்கர வண்டியில் ஊர் சுற்றப் போனேன். மறுநாள் மாலை அங்கே சூடு பட்டது போலச் சிவந்தது. பிறகு சிவப்பு இறங்கி, தெளிப்பு வழிந்த தடம் அப்படியே ஒரு சொட்டு வடிவத்தில் கறுத்து நின்றது. அது முழுதாக மறைய மாதங்கள் ஆயின.

மருத்துவத்தில் இதற்கு ‘பெர்லோக்’ என்று பெயரே இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் தொங்கட்டான் என்று பொருள். கழுத்தில் வழிந்த கொலோன் தொங்கட்டான் வடிவில் கறை போடுவதால் வந்த பெயர். எண்ணெயில் இருக்கும் பெர்காப்டென் என்ற ஃபியூரோகூமரின், தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் செல்களைத் தாக்குகிறது. நிழலில் ஒன்றும் செய்யாது. எலுமிச்சை பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் நின்றவர்களுக்குக் கையில் கறுப்புத் திட்டு வருவதும் இதே குடும்பத்துப் பொருள்களால்தான்.

அதனால் பன்னாட்டு வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா ஓர் எல்லை வைத்தது: தோலில் பூசிக் கழுவாமல் விடும் பொருளில், நீக்கப்படாத பெர்கமோட் எண்ணெய் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 100 கிராமுக்கு 0.4 கிராம். பெர்கமோட் தலைமை தாங்கும் கொலோனுக்கு அது போதவே போதாது. நம் சூத்திரத்தில் முடிந்த கொலோனில் 2 சதவீதம் பெர்கமோட் இருக்கும். சாதாரண எண்ணெயைப் போட்டால் எல்லையைப் போல ஐந்து மடங்கு. எஃப்.சி.எஃப். எண்ணெய் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான். நீக்கும் வேலையில் நிறமும் கொஞ்சம் ஆழமும் போய்விடும், உண்மை. கழுத்துக் கறையோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பு இல்லை.

மற்ற சிட்ரஸ்களுக்கும் கணக்கு உண்டு. அழுத்தி எடுத்த எலுமிச்சை (லெமன்) எண்ணெய்க்கு 2 சதவீதம், கசப்பு ஆரஞ்சுத் தோல் எண்ணெய்க்கு 1.25, அழுத்தி எடுத்த லைம் என்ற சிறு எலுமிச்சை எண்ணெய்க்கு 0.7. இவற்றில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒவ்வொன்றின் பங்கையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று பாதி எல்லையைத் தின்றால் மற்றதற்கு மிச்சப் பாதிதான். இனிப்பு ஆரஞ்சுக்கு இந்த வெயில் தொல்லை இல்லை.

படி 4: சாமான்கள்

பட்டியல் சிறியது. 0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் நகைத் தராசு, கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொரு எண்ணெய்க்கும் தனித் துளிசொட்டி, பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள், காபி வடிகட்டும் தாள், ஒரு நோட்டு. சொட்டுக் கணக்கில் சூத்திரம் எழுதாதீர்கள். வெட்டிவேர் எண்ணெயின் ஒரு சொட்டும் எலுமிச்சை எண்ணெயின் ஒரு சொட்டும் எடையில் ஒன்றல்ல; எல்லாம் கிராமில்தான்.

ஆல்கஹால்தான் தலைவலி. நமக்கு வேண்டியது எத்தனால். நம் நாட்டில் அது கலால் சட்டத்துக்கு உட்பட்ட சரக்கு. தூய எத்தனாலைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது. வாசனைப் பொருள் விற்பவர்களிடம் ‘பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால்’ என்ற பெயரில், குடிக்க முடியாதபடி வேறு பொருள் சேர்த்த எத்தனால் கிடைக்கும். அதை வாங்குங்கள், பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டைக் கொண்டு சமாளிக்கலாம் என்று நான் ஒரு முறை முயன்றேன். பெர்கமோட், நெரோலி எல்லாம் போட்டும் கடைசியில் ஊசி போடும் அறையின் வாசனைதான் வந்தது. சானிடைசரும் ஆகாது, கிளிசரின் பிசுபிசுக்கும்.

எத்தனால் பற்றிக்கொள்ளும். அடுப்பங்கரையில் கலக்காதீர்கள், பூஜை விளக்கு எரியும் அறையிலும் வேண்டாம்.

படி 5: சூத்திரம்

10 கிராம் வாசனைச் சாரத்துக்கு:

பெர்கமோட் (எஃப்.சி.எஃப்.) – 4.00 கிராம்
எலுமிச்சை (லெமன்) – 1.20
இனிப்பு ஆரஞ்சு – 0.80
பெடிகிரேன் – 1.00
லாவெண்டர் – 0.70
நெரோலி – 0.30
ரோஸ்மேரி – 0.20
ஹெடியோன் – 1.20
சாம்பிராணிச் சாரம் – 0.40
வெட்டிவேர் எண்ணெய் – 0.20

பெடிகிரேன் கசப்பு ஆரஞ்சு மரத்தின் இலையையும் குச்சியையும் வடித்து எடுப்பது. பெர்கமோட் எந்த வேரின் மேல் ஒட்டி வளர்கிறதோ, அதே மரத்தின் இலை. இதில் லினலைல் அசிடேட் பெர்கமோட்டில் இருப்பதைவிடவும் அதிகம். லாவெண்டரிலும் அதுவே முக்கியப் பொருள். பழம் பறந்த பிறகு பெர்கமோட்டின் பூப் பாதியைத் தொடர்ந்து பேசுவது இந்த இரண்டும்தான். லாவெண்டரை இந்த அளவுக்கு மேல் ஏற்றினால் முடிவெட்டும் கடை வாசனைக்குப் போய்விடும், கவனம்.

நெரோலி அதே மரத்தின் பூ. 1 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ ஒரு டன் பூ வேண்டும், விலையும் அப்படியே. வாங்க முடியாவிட்டால் விட்டுவிட்டு அந்த 0.30ஐ பெடிகிரேனில் சேர்த்துவிடுங்கள். கொலோன் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், கெட்டுப்போகாது.

ஹெடியோன் ஆலையில் செய்யும் பொருள், மல்லிகையின் காற்றோட்டமான பக்கம் என்று சொல்லலாம். தனியாக முகர்ந்தால் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். 1966இல் எட்மோன் ருத்னிட்ஸ்கா ‘ஓ சவாஜ்’ என்ற சிட்ரஸ் வாசனையில் இதைப் பயன்படுத்திய பிறகுதான் இதன் அருமை உலகுக்குத் தெரிந்தது. சிட்ரஸைச் சுற்றி இடம் உண்டாக்கி, அதை அகலமாக்கும். ‘இயற்கை மட்டுமே’ என்று சபதம் எடுத்தவர்கள் இதை விட்டுவிட்டு பெர்கமோட்டையும் பெடிகிரேனையும் சமமாகக் கூட்டிக்கொள்ளலாம். எனக்கு அந்தச் சபதம் இல்லை.

சாம்பிராணி என்றால் பிசினிலிருந்து எடுத்து, கரைப்பானில் கரைத்து விற்கும் சாரம். கரித்தூள் சேர்த்த கம்ப்யூட்டர் சாம்பிராணியை யாரும் பொடித்துப் போட்டுவிட வேண்டாம். வெட்டிவேர் நம் வீட்டுச் சரக்கு. உலகம் முழுவதும் வாசனைக்காரர்கள் அதை ‘வெட்டிவர்’ என்று தமிழ்ப் பெயரிட்டுத்தான் அழைக்கிறார்கள். 0.20 கிராம் அற்பமாகத் தெரியும். மூன்று மணி நேரம் கழித்துச் சட்டைக் காலரில் மிஞ்சியிருப்பது அதுதான்.

படி 6: சிறு அளவில் ஒத்திகை

உடனே 10 கிராமை அளக்காதீர்கள். முதலில் ஒவ்வொரு பொருளையும் பத்து சதவீதக் கரைசலாக்குங்கள்: 0.5 கிராம் எண்ணெய், 4.5 கிராம் ஆல்கஹால். பெர்கமோட்டுக்கு மட்டும் 1 கிராமுக்கு 9 கிராம். பிறகு மேலே உள்ள அதே எண்களை இந்தக் கரைசல்களில் அளந்து கலக்குங்கள். 10 கிராம் ஒத்திகைக் கலவை கிடைக்கும். அதில் உண்மையான எண்ணெய் 1 கிராம்தான் செலவாகியிருக்கும். ரோஸ்மேரியில் ஒரு சொட்டு கூடப் போனால் இங்கே கொலோன் பிழைக்கும், சுத்த எண்ணெயில் பிழைக்காது.

தாளில் தொட்டு, படி 2 போல நேரம் வைத்து முகருங்கள். மூக்கு களைத்துவிட்டால் உங்கள் முழங்கை மடிப்பையே முகர்ந்து ஓய்வு கொடுங்கள். தொடக்கத்தில் மூக்கைக் குத்துகிறதா? எலுமிச்சையை 0.20 குறையுங்கள். அரை மணியில் நடுவில் பள்ளம் விழுகிறதா? பெடிகிரேனை ஏற்றுங்கள். பெர்கமோட்டைக் கூட்டிப் பள்ளத்தை நிரப்ப முயல்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அது தொடக்கத்தைத்தான் இன்னும் சத்தமாக்கும். மண்வாசம் முந்தி வந்தால் வெட்டிவேரைப் பாதியாக்குங்கள். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் நோட்டில் எழுதிவிட்டு. என் நோட்டில் ‘இது நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதிய ஒரு பக்கம் இருக்கிறது. எது என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

படி 7: கலக்கும் மாலை

தராசில் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கனமானவை முதலில்: சாம்பிராணி, வெட்டிவேர், ஹெடியோன். சாம்பிராணிச் சாரம் கெட்டியாக இருந்தால் புட்டியை வெந்நீரில் நிற்கவைத்து இளக்கிக்கொள்ளுங்கள். அடுத்து லாவெண்டர், பெடிகிரேன், நெரோலி, ரோஸ்மேரி. சிட்ரஸ்கள் கடைசியில், ஏனென்றால் நீங்கள் மற்றதை அளந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே அவை பறந்துகொண்டிருக்கும். மெதுவாகச் சுழற்றிக் கலந்து, சிறு புட்டியில் விளிம்பு வரை நிரப்பி, இரண்டு நாள் இருட்டில் வையுங்கள்.

பிறகு இந்த 10 கிராமை 190 கிராம் ஆல்கஹாலில் விடுங்கள். 5 சதவீதக் கொலோன், 200 கிராம். ஆல்கஹால் லேசானது என்பதால் அளவில் ஏறத்தாழ 250 மி.லி. வரும். இப்போது வெயில் கணக்கை ஒரு முறை சரிபாருங்கள். எலுமிச்சை 0.6 சதவீதம், எல்லை 2. எஃப்.சி.எஃப். பெர்கமோட்டுக்குக் கவலை இல்லை. ஆரஞ்சு இனிப்பு வகை. சரி.

மூக்கில் ஆல்கஹால் காரமாக ஏறுகிறது என்றால் 10 கிராம் வரை ஆல்கஹாலைக் குறைத்து அதற்குப் பதில் காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம். சிட்ரஸ் எண்ணெயில் இருக்கும் லிமோனின் போன்ற டெர்பீன்களுக்கும் தண்ணீருக்கும் ஆகாது. பால் விட்டது போல ஒரு கலங்கல் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, தெளியும்வரை ஆல்கஹாலைத் திரும்பச் சேருங்கள்.

படி 8: ஊறலும் வடிகட்டலும்

பழுப்புப் புட்டியில் மூன்று வாரம், அலமாரியின் உள்தட்டில். முதல் வாரம் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: ஒவ்வொரு எண்ணெயும் தனித்தனியாகக் கத்தும், ஆல்கஹால் முன்னால் நிற்கும். இரண்டாம் வாரத்தில் எலுமிச்சை அடங்கும். மூன்றாவதில்தான் இது ஒரே வாசனை என்று சொல்லத் தோன்றும்.

அதன்பின் ஒரு நாள் இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அழுத்தி எடுத்த சிட்ரஸ் எண்ணெய்களில் தோலின் மெழுகும் கலந்து வரும். குளிரில் அது மெல்லிய படலமாகக் கீழே இறங்கும். குளிர்ச்சி ஆறுவதற்குள் காபித் தாளில் வடிகட்டிவிடுங்கள். அறை வெப்பத்துக்கு வந்துவிட்டால் மெழுகு மறுபடியும் கரைந்துகொள்ளும்.

தெளிப்பானில் நிரப்பி, முழங்கையின் உட்புறம் ஒரு தெளிப்பு தெளித்து ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தக் கலவை சட்டைக்கும் கைக்குட்டைக்கும் மட்டும். எஃப்.சி.எஃப். வெயில் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது, ஒவ்வாமையை அல்ல.

படி 9: மீதி எண்ணெயைக் காப்பாற்றுதல்

சிட்ரஸ் எண்ணெய்க்கு எதிரி காற்று. லிமோனின் காற்றோடு சேர்ந்து மாறும்போது வாசனை மட்டும் கெடுவதில்லை. அப்படிப் பழசான லிமோனின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். புதிய எண்ணெயைப் பொறுத்துக்கொண்ட தோல் பழைய எண்ணெயைப் பொறுக்காமல் போகலாம். பெர்கமோட் வாசனையில் பெயின்ட் கடைச் சாயல் எட்டிப்பார்த்தால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள், விலையை நினைத்துக்கொண்டு கலவையில் போடாதீர்கள்.

புட்டியில் திறந்த தேதியை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடப் பாருங்கள். பாதி காலியான புட்டியில் பாதி காற்று இருக்கிறது என்று பொருள். சிறிய புட்டிக்கு மாற்றலாம். கைவசம் சிறிய புட்டி இல்லாதபோது நான் செய்வது: கண்ணாடிக் கோலிக்குண்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, எண்ணெய் மட்டம் கழுத்து வரை ஏறும்வரை ஒவ்வொன்றாக உள்ளே நழுவவிட்டு மூடிவிடுவேன்.